ஹஜ்ரத் ஹிஸ்கீல் (அலை) அவர்களும் ஸூர் பட்டணத்து வியாபாரிகளும்

நூஹ் நபி, ஹூது நபி, ஸாலிஹ் நபி, லூத் நபி ஆகியோரின் கூட்டத்தார் அழிந்த சரித்திரம் நம்மவர்களுக்குச் சிறு பிராயத்தில் மதரஸாவிலேயே பாடமாகி விடுகிறது. அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்த மத்யன் வாசிகளைப் பற்றி ஜும்ஆ மேடையில் கேட்டிராத வியாபாரி நம்மில் ஒருவருமிரார். ஆனால் ஒரு வியாபாரப் பட்டணத்தின் பேரேட்டையே பிரித்து வைத்தாற்போல, இன்ன தேசத்திலிருந்து இன்ன சரக்கு வந்தது என்று ஒன்றுவிடாமல் சொல்லி, அதன் பின்னர் அப்பட்டணத்தின் மீது இறைவனின் தீர்ப்பையும் எடுத்துரைத்த ஒரு பெரியவரின் வாழ்க்கை நம்மிடையே அதிகம் பேசப்படுவதில்லை. அவர்கள்தாம் ஹஜ்ரத் ஹிஸ்கீல் (அலை). யூதரும் கிறிஸ்தவரும் எசேக்கியேல் என்பது அவர்களையே.

குர்ஆன் ஷரீபில் ஹிஸ்கீல் என்னும் பெயர் வரவில்லை. துல்கிப்லு (அலை) என்னும் பெயர் இரண்டு இடங்களில் வருகிறது. பொறுமையாளருள் ஒருவராகவும் நல்லோருள் ஒருவராகவும் அவர்கள் கூறப்படுகிறார்கள். அந்தத் துல்கிப்லு யார் என்பதில் விரிவுரையாளர்களுக்குள் அபிப்பிராய பேதம் உண்டு. ஹிஸ்கீல் (அலை) அவர்களே என்போர் உளர். வேறொருவர் என்போரும் உளர். மரணத்துக்கு அஞ்சி ஆயிரக்கணக்கில் வீடுகளை விட்டு வெளியேறி, மரணமடைந்து, பின்னர் உயிர்ப்பிக்கப்பட்டதாக ஸூரத்துல் பகராவில் கூறப்படும் கூட்டத்தாரை ஹிஸ்கீல் (அலை) அவர்களின் காலத்தோடு இணைத்துக் கூறும் ரிவாயத்துகளும் இருக்கின்றன. நாம் இங்கே எழுதுவதில் பெரும்பகுதி வேதக்காரர்களின் நூலிலும், பாபிலோன் மண்ணில் தோண்டியெடுத்த களிமண் ஏடுகளிலும் காணப்படுவது. அதை அந்த அளவிலேயே வைத்துப் படித்துக் கொள்க.

ஹிஸ்கீல் (அலை) அவர்கள் பைத்துல் முகத்தஸில் ஊழியம் செய்யும் ஆசாரியர் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். தகப்பனார் பெயர் பூசி. அக்காலத்தில் யூதாவின் ராஜ்யம் மிகச் சிறியது. தெற்கே மிஸ்று, கிழக்கே பாபிலோன் என்ற இரண்டு யானைகளுக்கு நடுவே அகப்பட்ட ஆட்டுக்குட்டி எனலாம். கி.மு. 605-ல் கர்கேமிஷ் என்ற இடத்தில் மிஸ்றுப் படையை முறியடித்துப் பாபிலோன் தலையெடுத்தது. நம் நூல்களில் புக்து நஸர் என்று வரும் நேபுகாத்நேச்சார்தான் அந்தப் படையை நடத்தியவன். கி.மு. 597-ல் அவன் பைத்துல் முகத்தஸ் நகரைப் பணிய வைத்து, அரசன் யோயாக்கீனையும் பிரபுக்களையும் தச்சர், கொல்லர் முதலிய தொழிலாளிகளையும் சிறைபிடித்துக் கொண்டுபோனான். வாலிபராயிருந்த ஹிஸ்கீல் (அலை) அவர்களும் அந்தக் கூட்டத்தில் சென்றார்கள்.

இது கட்டுக்கதையன்று. அந்த யோயாக்கீனுக்கும் அவன் மக்களுக்கும் அரண்மனைக் கிடங்கிலிருந்து படியளந்த எண்ணெயின் கணக்கு எழுதிய ஏடுகள் பாபிலோனில் கிடைத்து, 1939-ல் அச்சேறின. ஓர் அரசனுடைய வீழ்ச்சிக்கு எண்ணெய்க் கணக்கு சாட்சி சொல்லுவதைக் கண்டால் வியாபாரிகளாகிய நமக்கு ஆச்சரியம் தோன்றாது. எழுதி வைத்த கணக்கு எஜமானனையும் மிஞ்சி வாழும்.

சிறைபிடிக்கப்பட்டவர்களை நிப்பூர் நகரின் பக்கத்தில், கேபார் என்ற கால்வாயோரத்தில் குடியேற்றினார்கள். நம் பாட்டன்மார் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியது பிழைப்பைத் தேடி. இவர்கள் வந்ததோ வாள்முனையில். ஆயினும் வந்த இடத்தில் அவர்களும் வேரூன்றினார்கள். கி.மு. 572 முதற்கொண்டு எழுதப்பட்ட வேறு சில ஏடுகள் கிடைத்திருக்கின்றன. யூதர் பேராலேயே அமைந்த ஓர் ஊரில் அவர்கள் நிலம் குத்தகை எடுத்ததும், வரி கட்டியதும், வாற்கோதுமையும் பேரீச்சம் பழமும் கடனாகக் கொடுத்து வாங்கியதும் அவற்றில் காண்கின்றன. ஊரை நினைத்துக்கொண்டே கடையை நடத்தும் கலை நமக்கு மட்டும் உரியதன்று.

கி.மு. 593-ல் அந்தக் கால்வாயோரத்தில் ஹிஸ்கீல் (அலை) அவர்களுக்கு முதற் காட்சி கிடைத்தது. அவர்களுக்கு இடப்பட்ட வேலை காவற்காரன் வேலை. மதிலின் மேல் நிற்கும் காவற்காரன் பகைவன் வரக் கண்டு கொம்பு ஊதினால், கேட்டும் தப்பாதவனின் பழி அவன் தலையிலேயே விழும். கண்டும் ஊதாமலிருந்தாலோ, மாண்டவரின் இரத்தப்பழி காவற்காரனையே சேரும். இந்தச் சட்டத்தைக் கவனித்தால் ஒன்று விளங்கும். ஆபத்து வருமுன் ஊதுவதுதான் கொம்பு. வீடு எரிந்தபின் ஊதுகிறவனுக்குக் காவற்காரன் என்று பெயரில்லை.

அவர்கள் ஊதியது முதலில் யாரை நோக்கி? தம் சொந்த ஜனங்களை நோக்கி. ஒரு செங்கல்லில் பைத்துல் முகத்தஸ் நகரைக் கோடிட்டு வரைந்து, அதைச் சுற்றி முற்றுகை போட்டுக் காட்டினார்கள். இடப்பக்கமாக 390 நாளும் வலப்பக்கமாக 40 நாளும் படுத்திருந்தார்கள். கோதுமை, வாற்கோதுமை, பயறு, தினை எல்லாம் கலந்த அப்பத்தை நாளொன்றுக்கு இருபது சேக்கல், அஃதாவது ஏறக்குறைய 230 கிராம் நிறுத்துச் சாப்பிட்டார்கள். தண்ணீரும் அளந்துதான் குடித்தார்கள். முற்றுகைக்குள் சிக்கும் ஊரின் பஞ்சம் எப்படியிருக்கும் என்பதை உடம்பினாலேயே காட்டியது அது. மற்றொரு சமயம் தம் தலைமுடியையும் தாடியையும் சிரைத்து, தராசில் வைத்து மூன்று பங்காக நிறுத்து, ஒரு பங்கை நெருப்பிலிட்டு, ஒரு பங்கை வாளால் வெட்டி, ஒரு பங்கைக் காற்றில் தூவினார்கள். மயிரைக்கூட நிறுத்துப் பார்க்கும் தராசு ஒன்று உண்டு என்பதை இதைவிட அழுத்தமாகச் சொல்ல முடியுமா?

ஜனங்கள் என்ன செய்தார்கள்? கூட்டம் கூட்டமாக வந்து உட்கார்ந்து கேட்டார்கள். இனிய குரலில் பாடும் பாடகனைக் கேட்பதுபோலக் கேட்டுவிட்டு, வெளியே போய்த் தத்தம் லாபத்தைத் தேடிக் கொண்டார்கள். மதிலோரத்திலும் வீட்டு வாசலிலும் நின்று அவர்களைப் பற்றியே பேச்சு. சொன்னதன்படி நடப்பதுமட்டும் இல்லை. வருஷந்தோறும் மௌலூது மேடைக்கு முன் பாய் விரித்து உட்காரும் நமக்கு இந்தக் காட்சி புதிதாக இராது.

அந்த ஜனங்களிடையே ஒரு பழமொழி வழங்கியது. தகப்பன்மார் புளித்த திராட்சையைத் தின்றதால் பிள்ளைகளின் பல் கூசுகிறது என்ற கருத்தில் அமைந்தது. முன்னோர் செய்த பாவத்துக்கு நாங்கள் படுகிறோம், எங்களிடம் குற்றமில்லை என்பது அதன் உட்பொருள். ஹிஸ்கீல் (அலை) அவர்கள் அதை முழுவதும் மறுத்தார்கள். நல்லவனுக்குப் பிறந்த கெட்டவன், கெட்டவனுக்குப் பிறந்த நல்லவன் என்று ஆளாளாக எடுத்து, அவரவர் கணக்கு அவரவர் பெயரிலேயே எழுதப்படும் என்று தெளிவாக்கினார்கள். வட்டி வாங்குவதும் பிறர் அடைமானத்தைத் திருப்பித் தராமலிருப்பதும் அந்தக் குற்றப் பட்டியலில் பெயர் சொல்லி வருகின்றன. (உலகக் கடன் வேறு. அத்தா 555 புத்தகத்தில் எழுதி வைத்துப் போன பாக்கியை மக்கள் தீர்க்க வேண்டியதுதான். இதைக் காட்டித் தப்பிக்க வழியில்லை.)

கி.மு. 588 ஜனவரியில் பாபிலோன் படை பைத்துல் முகத்தஸை இரண்டாம் முறையாக முற்றுகையிட்டது. அந்நாட்களில் ஒருநாள், அவர்களுடைய கண்ணுக்கு இனியவளான மனைவி சடுதியில் எடுத்துக்கொள்ளப்படுவாள் என்றும், அவர்கள் அழவோ துக்கம் கொண்டாடவோ கூடாது என்றும் கட்டளை வந்தது. காலையில் ஜனங்களோடு பேசினார்கள். மாலையில் அந்த அம்மையார் இறந்து போனார்கள். தலைப்பாகையைக் கழற்றாமல், பாதரட்சையை எடுக்காமல், இழவு வீட்டுச் சாப்பாட்டைத் தொடாமல் அவர்கள் இருந்ததைக் கண்டு ஜனங்கள் திகைத்து நின்றார்கள். நகரும் ஆலயமும் விழும்போது நீங்களும் இப்படித்தான் அழக்கூடத் தோன்றாமல் நிற்பீர்கள் என்பது அதற்குக் கொடுக்கப்பட்ட பொருள். மற்ற தேசங்களின் மீது தீர்ப்புச் சொன்னவர்களில், தம் வீட்டிலேயே அதன் விலையை முதலில் கொடுத்தவர்கள் இவர்கள்.

நகரம் விழுந்து தீக்கிரையாகி, கி.மு. 585-ன் தொடக்கத்தில் தப்பி வந்த ஒருவன் வாயால் அந்தச் செய்தி கேபார் கரைக்கு எட்டியது. அவ்வளவு தூரம். நடந்தால் நான்கு மாதம்.

நிற்க. இனித்தான் அயல் தேசங்களின் முறை. ஹிஸ்கீல் (அலை) அவர்கள் ஏழு தேசத்தார் மீது இறைவனின் தீர்ப்பைக் கூறியதாக நூலில் இருக்கிறது: அம்மோன், மோவாப், ஏதோம், பெலிஸ்தியர், ஸூர், ஸீதோன், மிஸ்று. ஒவ்வொரு தேசத்துக்கும் குற்றச்சாட்டு என்ன என்று பார்க்க வேண்டும். அம்மோனியர் பக்கத்து ராஜ்யத்தின் ஆலயம் பாழானதைக் கண்டு கைகொட்டிக் காலால் தட்டிக் களித்தார்கள். மோவாப்பியர் யூதாவும் மற்றவரைப் போன்றதுதானே என்று ஏளனம் பேசினார்கள். ஏதோமியரும் பெலிஸ்தியரும் விழுந்தவனிடம் பழைய பகையைத் தீர்த்துக் கொண்டார்கள். மிஸ்று சாய்ந்துகொள்ளக் கோலாக நின்று, சாய்ந்தவன் கையிலேயே முறிந்து குத்தியது. அஃதாவது, யூதாவின் அழிவு இறைவன் தந்த தண்டனை என்று அந்த ஹஜ்ரத்தே சொல்லிக் கொண்டிருந்த காலத்தில், அந்த அழிவைப் பார்த்து ரசித்த அயலார் குற்றவாளிகளானார்கள். இது நாம் ஆற அமர யோசிக்க வேண்டிய விஷயம். ஒரு தேசத்தில் பூகம்பம் என்றோ, ஒரு ஊரில் வெள்ளம் என்றோ பத்திரிகையில் பார்த்தவுடன், தேநீர்க் கடையில் உட்கார்ந்தபடியே அது இன்ன பாவத்துக்கு இறங்கிய முஸீபத் என்று நம்மில் சிலர் பத்வா கொடுத்து விடுகிறார்கள். அம்மோனியர் செய்தது வேறென்ன?

ஸூர் பட்டணத்தின் குற்றமோ வியாபாரியின் குற்றம். ஆகையால் நமக்கு இது தனியே வேண்டியது.

தமிழ் பைபிளில் தீரு என்று வரும் இவ்வூர் கரையிலிருந்து அரை மைல் தள்ளிய ஒரு தீவின் மேல் இருந்தது. கடற்சங்கிலிருந்து எடுக்கும் செந்நீலச் சாயமும் கப்பல் தொழிலும் அதற்குப் பேர் வாங்கிக் கொடுத்தன. சுலைமான் (அலை) அவர்களுக்குக் கேதுரு மரம் அனுப்பி, கோதுமையும் எண்ணெயும் விலையாகப் பெற்றவன் இவ்வூர் அரசன் ஹீராம். அவனுடைய மாலுமிகள் சுலைமான் (அலை) அவர்களின் கப்பல்களில் சென்று கொண்டு வந்த பொருள்களில் பொன், வெள்ளி, தந்தம், குரங்கு இவற்றுடன் மயிலும் உண்டு. அந்த மயிலுக்கு எபிரேய மூலத்தில் உள்ள துக்கி என்ற சொல் நம் தமிழ்த் தோகையே என்று கால்டுவெல் பாதிரியார் எழுதியிருக்கிறார். ஆகவே ஸூர் வியாபாரியின் பேரேட்டில் நம் ஊர்ச் சொல்லும் ஒரு மூலையில் இருந்திருக்கலாம்.

அந்தப் பேரேட்டை ஹிஸ்கீல் (அலை) அவர்கள் ஒப்பாரியாகவே பாடினார்கள். ஸூர் பட்டணத்தை ஒரு கப்பலாக உருவகித்து, லெபனான் கேதுரு பாய்மரமாக, பாசான் கருவாலி துடுப்பாக, மிஸ்றுச் சணல் துணி பாயாக அதை அலங்கரித்துக் காட்டுகிறார்கள். பிறகு சரக்கு: தர்ஷீசிலிருந்து வெள்ளி, இரும்பு, ஈயம், காரீயம், கடலோர நாடுகளிலிருந்து தந்தமும் கருங்காலியும், திமிஷ்கிலிருந்து மதுவும் வெள்ளாட்டு மயிரன்று, வெண்ணிறக் கம்பளி, யூதாவிலிருந்தே கோதுமை, தேன், எண்ணெய், பிசின், இஸ்மாயீல் (அலை) அவர்களின் மகன் கைதாரின் வழியினராகிய அரபுத் தலைவர்களிடமிருந்து ஆடுகள், ஷீபாவிலிருந்து வாசனைத் திரவியம், இரத்தினம், பொன். சங்கம் வெளியிடும் வியாபாரக் கையேட்டில்கூட இத்தனை ஒழுங்கு காண்பதரிது. சரக்கு எதையும் அவர்கள் ஹராம் என்று தள்ளவில்லை, வியாபாரத்தையே பழிக்கவுமில்லை. பொறாமை இல்லாமல், ஏறக்குறைய ஓர் இரசிகனுடைய கண்ணோடு எண்ணிக் கொண்டே போகிறார்கள். கடைசியில் கீழ்காற்று ஒன்று அடிக்கிறது. சரக்கும் மாலுமியும் தச்சனும் வியாபாரியும் ஒரே நாளில் நடுக்கடலில் மூழ்குகிறார்கள்.

ஏன்? பைத்துல் முகத்தஸ் என்ற வாசல் உடைந்தது, இனி அங்கே போன போக்குவரத்தெல்லாம் நம் பக்கம் திரும்பும், நம் கிடங்கு நிரம்பும் என்று ஸூர் மகிழ்ந்தது. குற்றச்சாட்டில் முதல் வரி இதுதான். விழுந்தவன் யார்? தனக்கே கோதுமையும் தேனும் கொடுத்து வந்த வாடிக்கைக்காரன்! பணம் பெருகப் பெருகத் தன்னைத் தெய்வமாக எண்ணிய அரசனின் கர்வமும், வியாபாரத்தில் புகுந்த அநீதியும் பிறகுதான் சொல்லப்படுகின்றன. எதிர்க்கடை பூட்டியதைக் கேட்டு உள்ளுக்குள் ஒரு விநாடி குளிர்ந்து போவது எப்படிப்பட்டதென்று கடைத்தெருவில் இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தர்ஷீசின் ஈயத்தைப் படிக்கும்போது காம்பார்வாசிகளாகிய நமக்கு மனம் நம் மண்ணின் மீதே திரும்புகிறது. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயம் உலகச் சந்தையை ஆண்ட காலம் ஒன்றிருந்தது. 1985 அக்டோபர் 24-ல் அனைத்துலக ஈய மன்றத்தின் பணம் தீர்ந்து, லண்டன் உலோகச் சந்தையில் ஈய வியாபாரம் நிறுத்தப்பட்டது. சில மாதங்களுக்குள் விலை ஏறக்குறையப் பாதியாயிற்று. லம்பங்கள் மூடின, குட்டைகள் மட்டும் நின்றன. 2007-ல் துங்கு அப்துல் ரகுமான் பல்கலைக்கழகத்தின் வளாகம் இங்கே திறந்த பிறகே கடைத்தெருவுக்கு மறுபடியும் களை வந்தது. அந்த வீழ்ச்சி இறைவனின் தண்டனையா என்று எவரேனும் கேட்டால், நம் பதில் இதுவே: குற்றச்சாட்டை முன்கூட்டி அறிவித்த பின்னரே தீர்ப்பு கூறியவர்கள் நபிமார்கள். இடிபாட்டைப் பார்த்து அதிலிருந்து குற்றத்தை ஊகிக்கும் அதிகாரம் நமக்குக் கொடுக்கப்படவில்லை.

ஸூர் விஷயத்தில் பின்னர் நடந்ததுதான் வெகு ருசிகரமானது. புக்து நஸர் 13 வருஷம் அப்பட்டணத்தை முற்றுகையிட்டான். தீவாகையால் கப்பலில் உணவு வந்து கொண்டேயிருந்தது. கடைசியில் பட்டணம் அவனுக்குப் பணிந்ததே தவிர, அவன் படைக்குக் கொள்ளை ஒன்றும் கிடைக்கவில்லை. கி.மு. 571-ல் ஹிஸ்கீல் (அலை) அவர்கள் அதைத் தாமே வெளிப்படையாகக் கூறினார்கள்: சுமை சுமந்து தலை மொட்டையாயிற்று, தோள் தேய்ந்தது, கூலியோ அவனுக்கும் படைக்கும் கிட்டவில்லை, அதற்கு ஈடாக மிஸ்று கொடுக்கப்படும் என்று. அவர்கள் நூலில் தேதியிட்டவற்றுள் காலத்தால் கடைசியானது இதுவே. முன் சொன்ன பக்கத்தைக் கிழித்தெறியாமல், பற்று இவ்வளவு, வரவு இல்லை என்று அடுத்த பக்கத்தில் எழுதி வைத்த இந்த நேர்மையை என்னென்பது! மிஸ்றின் மீது புக்து நஸர் கி.மு. 568-ஐ ஒட்டிப் படையெடுத்ததை ஒரு களிமண் ஏடு காட்டுகிறது. ஆனால் அந்நாட்டை முழுதும் பிடித்தவர்கள் பாரசீகர், கி.மு. 525-ல். ஸூர் பட்டணத்துக்குப் பெரும் அடி கி.மு. 332-ல் விழுந்தது. அலெக்ஸாந்தர் கரையிலிருந்த பழைய ஊரின் கல்லையும் மண்ணையும் மரத்தையும் கடலில் கொட்டிப் பாதை போட்டு, ஏழு மாதத்தில் தீவைப் பிடித்தான். பல்லாயிரவர் அடிமைகளாக விற்கப்பட்டனர். அந்தப் பாதையின் மேல் மணல் சேர்ந்து, தீவு இன்றும் கரையோடு ஒட்டியே இருக்கிறது. ஊர் மறுபடியும் எழுந்தது. லெபனான் நாட்டின் தென்பகுதியில் ஸூர் என்ற அதே பெயரோடு ஜனங்கள் வாழ்கிறார்கள்.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. பைத்துல் முகத்தஸை எரித்த பாபிலோனின் மீது ஹிஸ்கீல் (அலை) அவர்கள் தனித் தீர்ப்பு ஒன்றும் கூறியதாக அந்த நூலில் இல்லை. அது விழுந்தது கி.மு. 539-ல், பாரசீக அரசன் கோரேசின் கையில்.

நகரம் அழிந்த பிறகு அவர்களின் தொனி மாறிற்று. உலர்ந்த எலும்புகள் நிறைந்த ஒரு பள்ளத்தாக்கில், எலும்போடு எலும்பு கூடி, சதையும் தோலும் போர்த்து, உயிர் பெற்றெழும் காட்சியைக் கண்டார்கள். கி.மு. 573-ல் புதிய ஆலயம் ஒன்றைக் காட்சியில் கண்டு, கோலும் கயிறும் கொண்டு அளந்தாற்போல அதன் அளவுகளைச் சொன்னார்கள். அந்த ஆலய வர்ணனைக்கு நடுவிலேயே தராசும் மரக்காலும் படியும் நியாயமாக இருக்க வேண்டும் என்ற கட்டளை வருகிறது. தானியம் அளக்கும் எப்பாவும் எண்ணெய் அளக்கும் பாத்தும் ஒரே அளவாயிருக்க வேண்டும், ஒரு சேக்கலுக்கு இத்தனை கேரா என்று விவரமாக. கட்டியும் பிக்குலும் போய்க் கிலோ வந்துவிட்டாலும் படிக்கல் பற்றிய சட்டம் பழையதேதான்.

அக்காட்சியின் கடைசியில் நிலத்தைப் பங்கிடும் முறை சொல்லப்படுகிறது. அங்கே குடியேறிப் பிள்ளை பெற்று வாழும் அந்நியருக்கும், சுதேசிகளுக்குக் கொடுப்பது போலவே பங்கு கொடுக்க வேண்டும் என்கிறார்கள். சிறைபிடிக்கப்பட்டு அந்நிய மண்ணில் இருபது வருஷத்துக்கு மேல் கழித்தவரின் வாயிலிருந்து வந்த சட்டம் அது.

அவர்களின் கப்ர் என்று நெடுங்காலமாக மதிக்கப்படும் இடம் இராக்கில் ஹில்லாவுக்குத் தெற்கே இருக்கிறது. ஊருக்குப் பெயரே அல்கிப்லு. 12-ம் நூற்றாண்டில் அங்கே சென்ற துதேலா ஊர் பென்யமீன் என்ற யூத யாத்திரீகர், யூதரைப் போலவே முஸ்லிம்களும் அங்கு வந்து பிரார்த்திப்பதை எழுதி வைத்திருக்கிறார். 1951-ஐ ஒட்டி இராக்கின் யூதர்களில் மிகப் பெரும்பாலோர் நாட்டை விட்டுப் போய்விட்டனர். பக்கத்தில் செங்கல் மினாரா நிற்கிறது. கப்ருள்ள மண்டபத்தின் சுவரில் எபிரேய எழுத்துக்கள் இருக்கின்றன. துல்கிப்லு (அலை) அவர்களுக்கு ஸலாம் சொல்ல முஸ்லிம்கள் போய் வருகிறார்கள்.